க்ரப்பில் நிற்கும் லேப்டாப்பை உடனே ஃபார்மேட் அடிக்காதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. சரி, பக்கத்திலேயே உபுண்டு, மின்ட் போன்ற ஏதாவது ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கி, பாதியில் மாட்டிக்கொண்ட லேப்டாப்கள் சர்வீஸ் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் முதலில் நடந்த தவறு சின்னதுதான். அதைச் சரிசெய்கிறேன் என்று யாரோ செய்த இரண்டாவது வேலைதான் கல்யாணப் போட்டோக்களையும் டேலி கணக்கையும் அழித்திருக்கும்.

பூட் ஆகவில்லை என்றால் விண்டோஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இப்போதைய மெஷின்களில், ஆன் செய்ததும் முதலில் இயங்கும் யுஇஎஃப்ஐ என்கிற பயாஸ், டிஸ்க்கின் ஓரத்தில் உள்ள ஈஎஸ்பி என்ற குட்டிப் பார்ட்டிஷனைத்தான் முதலில் தேடும். அது ஃபேட்32-இல் இருக்கும். அளவு வழக்கமாக 100 எம்பி, சில கம்பெனி லேப்டாப்களில் 260 எம்பி. விண்டோஸின் பூட் ஃபைலும், லினக்ஸை எழுப்பும் க்ரப்பும் அதற்குள் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டு நினைவகத்தில் இருக்கும். ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ் வைக்கும் டூயல் பூட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான். உங்கள் ஃபைல்கள் இருக்கும் சி டிரைவும் டி டிரைவும் தொடப்படாமலே கிடக்கும்.

அதனால் பென் டிரைவைத் தேடும் முன், மெஷினை ஆன் செய்தவுடன் பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். அதில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரி இருந்தால் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எழுந்துவிட்டால், பயாஸில் அதை வரிசையின் மேலே ஏற்றினால் வேலை முடிந்தது. கருப்புத் திரையில் ‘க்ரப்’ என்று மட்டும் நின்றால் அதிலேயே ‘எக்ஸிட்’ என்று தட்டிப் பாருங்கள்; யுஇஎஃப்ஐ மெஷினாக இருந்தால் வரிசையில் அடுத்து இருப்பதற்குப் போகும். லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கு இந்தத் திரைதான் வரும். க்ரப்பின் தலை ஈஎஸ்பியில் இருக்கிறது, உடம்பை அழித்துவிட்டார்கள்.

மெனுவில் விண்டோஸ் வரியே இல்லையென்றால்தான் பழுது பார்க்க வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து, 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். பூட் மெனுவில் அந்தப் பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதையே எடுங்கள். மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் விண்டோ வரும். இனி வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’. டிஸ்க்கைப் பிரித்துவைக்கும் புதிய முறையான ஜிபிடி என்ற கடைசிக் கட்டத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் யுஇஎஃப்ஐ மெஷின். அடுத்து ‘லிஸ்ட் வால்யூம்’. வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள், அவசரப்பட்டால் இங்கேதான் கெடும். ஃபேட்32 என்று இரண்டு வரிகள் இருக்கலாம். பல ஜிபி அளவோடு ‘ரிமூவபிள்’ என்று இருப்பது உங்கள் பென் டிரைவ். 100 எம்பி அல்லது 260 எம்பி காட்டுவதுதான் ஈஎஸ்பி. அதன் எண் 3 என்றால் ‘செலக்ட் வால்யூம் 3’, ‘அசைன் லெட்டர்=இசட்’, ‘எக்ஸிட்’. விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு இந்தச் சூழலில் சி என்ற எழுத்தே கிடைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். ‘டிர் சி:’, ‘டிர் டி:’ என்று தட்டி விண்டோஸ் ஃபோல்டர் எங்கே என்று கண்ணால் பாருங்கள். டி-யில் இருந்தால் கட்டளை இது:

பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யுஇஎஃப்ஐ (bcdboot D:\Windows /s Z: /f UEFI)

பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரே ஒரு வரி பதில் வரும். பென் டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். காப்பி செய்ய முடியவில்லை என்று பதில் வந்தால் ஈஎஸ்பி கெட்டிருக்கும், அல்லது தவறான வால்யூமுக்கு எழுத்துக் கொடுத்திருப்பீர்கள்.

யூடியூபில் எல்லோரும் சொல்லும் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்குகளுக்கான மருந்து. ஜிபிடி மெஷினில் அது வெற்றி என்று சொல்லும், ஆனால் எதையும் சரிசெய்யாது. ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ பல மெஷின்களில் அனுமதி இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். ‘நான் பிட்லாக்கர் போடவே இல்லையே’ என்பார்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக இயங்கிவிடும். நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் பயாஸ் அமைப்பான செக்யூர் பூட்டை, லினக்ஸ் போடுவதற்காக அணைத்ததும் பூட்டு விழும். முதலில் செக்யூர் பூட்டைப் பழையபடி ஆன் செய்யுங்கள். பல நேரம் கேள்வியே வராது. வந்தால், போனில் அதே மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து சாதனங்கள் பகுதியில் கீயைத் தேடுங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் பொருந்துவதுதான் உங்களுடையது. ஆபீஸ் லேப்டாப் என்றால் கீ கம்பெனியின் ஐடி பிரிவிடம் இருக்கும். கீ எங்குமே இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் அந்த டேட்டாவை எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்று பயாஸில் டிஸ்க்கை இணைக்கும் முறையை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்பதிலிருந்து ஏஎச்சிஐ ஆக மாற்றியிருந்தால், விண்டோஸ் ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று விழுந்துவிடும். விண்டோஸ் கெடவில்லை, டிஸ்க்கோடு பேசும் டிரைவர் மாறிவிட்டது. பழைய அமைப்பை வைத்தால் எழுந்துவிடும். ஏஎச்சிஐதான் வேண்டும் என்றால், பழைய அமைப்பில் விண்டோஸுக்குள் போய் சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பயாஸை மாற்றுங்கள். ஒருமுறை சேஃப் மோடில் எழுந்துவிட்டால் தேவையான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் ஒருநாள் ‘எஸ்பாட்’, ‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று சொல்லி அணைந்தால், அது உங்கள் கைவரிசை அல்ல. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய பூட் ஃபைல்களைத் தடைசெய்ததில் பல டூயல் பூட் மெஷின்கள் இப்படி நின்றன. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய் அதை முழுதாக அப்டேட் செய்ய வேண்டும். பிட்லாக்கர் கீயைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

உண்மையான இழப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கிறது. இன்ஸ்டாலரில் ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விண்டோஸ், டி டிரைவு எல்லாம் சேர்ந்து போகும். அப்போது பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். அதில் எந்த ஓஎஸ்ஸையும் மறுபடி போடாதீர்கள். ஹார்டு டிஸ்க் என்றால் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் கொண்டு பழைய பார்ட்டிஷன்களைத் தேடலாம். கிடைப்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. லினக்ஸ் ஃபார்மேட் செய்யும்போதே பழைய பகுதிகளைக் காலிசெய்துகொள் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும்.

எல்லாம் சரியாகி இரண்டு ஓஎஸ்ஸும் எழுந்த பிறகு, விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று மாற்றிவிடாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ (timedatectl set-local-rtc 1) என்று ஒருமுறை தட்டினால் போதும்.