பேட்டர்ன் என்னும் தாளக்கட்டு

கார்டுகளின் (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பெயரை வரிசையாகத் தட்டி, ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்தால் போதும். பேஸ், பியானோ, டிரம்ஸ் எல்லாவற்றையும் மென்பொருளே வாசித்துவிடும். கனடாவின் பிஜி மியூசிக் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட பேண்ட்-இன்-எ-பாக்ஸ் இந்த வகையில் மூத்தவற்றுள் ஒன்று. மெட்டுக் கட்டுகிறவருக்குப் பக்கவாத்தியக் கவலை இல்லை. ஆனால் மூன்றாவது பாட்டிலும் அதே டிரம்ஸ் ஒலிக்கும்போது கை பரபரக்கும். திருத்தலாம் என்று உள்ளே போனால் முதலில் எதிர்ப்படும் சொல் பேட்டர்ன்.

திரையில் அது ஒரு கட்டச் சட்டம். நான்கு எண்ணிக்கை கொண்ட, பார் (bar) என்னும் ஓர் இசையளவு, 16 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு தோலுக்கும் தட்டுக்கும் ஒரு வரிசை. எளிய ராக் பேட்டர்னில், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் 1, 9 ஆகிய கட்டங்களிலும், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் 5, 13 ஆகியவற்றிலும் விழும். ஹைஹேட் என்னும் இரட்டைத் தட்டு ஒற்றைப்படைக் கட்டங்களில் எல்லாம் தட்டிக்கொண்டே இருக்கும். கட்டத்துக்குள் எழுதுவது அடியின் வலு. இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி (MIDI) முறையின் கணக்கில் அதன் உச்சம் 127. ஒன்பதில் உள்ள கிக்கைப் பதினொன்றுக்குத் தள்ளி, எட்டாவது கட்டத்தில் 30 வலுவில் ஒரு ஸ்னேரை ஒளித்து வையுங்கள். விறைப்பாக நின்ற அதே பாட்டு தோளை அசைக்கத் தொடங்கும். ஒரு பாணிக்குள் இப்படிப் பல பேட்டர்ன்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எடை கொடுக்கலாம். எடை கூடியது அடிக்கடி வரும்.

சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. லத்தீனில் பாட்டெர் என்றால் தந்தை. அதிலிருந்து காப்பாளரைக் குறிக்கும் பாட்ரோனுஸ் வந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் பேட்ரன் ஆயிற்று. புரவலரையும், பார்த்துச் செய்வதற்கான முன்மாதிரியையும் வெகுகாலம் அந்த ஒரே சொல் குறித்தது; பிற்பாடுதான் எழுத்து இடம் மாறிப் பேட்டர்ன் தனிச்சொல் ஆனது. பிரெஞ்சில் இன்றும் முதலாளியும் தையற்காரரின் காகித வெட்டும் பத்ரோன்தான். கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில், மணலில் பதித்து அச்செடுக்க உதவும் மரவடிவத்தையும் பேட்டர்ன் என்றே சொல்கிறார்கள். ஒன்றிலிருந்து பல பிறக்க வேண்டும், அதுதான் கரு.

தமிழில் என்ன சொல்வது? ‘மாதிரி’ என்றால் இங்கே சிக்கல். பதிவு செய்த தனி அடியோசையைக் குறிக்கும் சாம்பிளுக்கும் அதே சொல்தான் வரும். இரண்டும் ஒரே திரையில் இருப்பவை. ‘வடிவம்’ பாட்டின் அமைப்புக்கும் கோப்பின் வகைக்கும் போய்விட்டது. ‘தாளம்’ என்பது தவறே. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை என்பது மாறாது. அதன் மேல் மிருதங்கக்காரர் வாசிக்கும் சொற்கட்டுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. நாம் திருத்துவதும் அதைத்தான்.

நான் வெகுநாள் ஆசைப்பட்ட சொல் ‘கட்டளை’. செங்கல் அறுக்கும் அச்சுக்கு அது பெயர். தேவாரத்தில் ஒரு பண்ணுக்குள் பாடல்களைப் பிரிக்கும் சந்த அமைப்புக்கும் அதுவே பெயர். கட்டளைக் கலித்துறையிலோ, ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு எழுத்துகள் சரியாக 16. டிரம்ஸ் சட்டத்தின் கட்டங்களும் 16! தற்செயல்தான், ஆனாலும் மனம் துள்ளியது. என்ன செய்வது, கணினித் தமிழில் கட்டளை என்றதும் எல்லோருக்கும் ஏவல்தான் நினைவுக்கு வருகிறது. மனமில்லாமல் கைவிட்டேன்.

மிஞ்சியது தாளக்கட்டு. ‘தாளக்கட்டோடு பாடினார்’ என்று பிசகாமையைக் குறிக்க அது ஏற்கெனவே புழங்குகிறதே என்று கேட்கலாம். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் எனக்குத் தென்படவில்லை. மெட்டுக் கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம், ஜதிக்கட்டு என்கிறோம். கட்டியதை அவிழ்த்து வேறு விதமாகக் கட்டவும் முடியும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘தாளக்கட்டைத் திருத்து’ என்று பொத்தானில் எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கூடவே வரும் ஃபில் என்பதற்குச் சிலர் தீர்மானம் என்கிறார்கள். தீர்மானம் பெரும்பாலும் மும்முறை வந்து சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்கத்தில், இறங்குகிற கணக்கு. ஃபில்லோ, பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் டாம் என்னும் டிரம்களில் உருண்டு ஓடும் ஒரு பார். பேண்ட்-இன்-எ-பாக்ஸில் பகுதி மாறும் இடத்தில் ஒரு குறி வைத்தால், அதற்கு முந்தைய பாரில் அது தானே வந்துவிடும். அவ்வளவு சிறியதற்கு முத்தாய்ப்பு போதும்.