புறாமலைக்குப் போகிறீர்களா? காலைக் கவனியுங்கள்

ஓகஸ்ட் விடுமுறை முடிந்ததும் வெள்ளவத்தையில் எங்கள் கிளினிக்கில் ஒரே மாதிரிக் காயங்கள் வரத் தொடங்கும். பாதம், கணுக்கால், முழங்கால். எங்கே போனீர்கள் என்றால் நிலாவெளி என்பார்கள். "சின்னக் கீறல்தான் டொக்டர், ஆனா காயுதே இல்லை."

முருகைக்கல், அதாவது உயிருள்ள பவளப்பாறை, கீறிய காயம் அது. திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் புறாமலை என்ற சிறு தீவு 2003 இல் தேசியப் பூங்காவானது. மாடப்புறா கூடு கட்டும் பாறைகள், ஆழமில்லாத நீரில் முருகைக்கல், துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்கள். சுறாவுக்குத்தான் எல்லோரும் பயம். சுறாக் கடியோடு என்னிடம் இதுவரை ஒருவரும் வந்ததில்லை. வருகிறவர்கள் முருகைக்கல்லில் கால் ஊன்றியவர்கள். கடலுக்குள் பார்க்கப் போடும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் நீந்தத் தெரியாதவர் பதறி எழுந்து நிற்கிறார். அவருக்குக் கால் கிழிகிறது, முருகைக்கல்லுக்கு உயிர் போகிறது. கொழும்பிலேயே ஒரு நீச்சல் தடாகத்தில் கண்ணாடியும் மூச்சு விடும் குழாயும் போட்டுப் பழகிவிட்டுப் போகலாம். உயிர்காப்பு அங்கி போட்டு மிதந்தால் நிற்க வேண்டிய தேவையே வராது.

கீறும்போது சுண்ணாம்புத் துணுக்குகளும் கடல் கிருமிகளும் உள்ளே போய்விடும். அதன்மேல் கிறீம் பூசி பிளாஸ்டர் ஒட்டினால் எப்படி ஆறும்? அன்றைக்கே சவர்க்காரமும் நிறைய நல்ல தண்ணீரும் விட்டு, சுத்தமான துணியால் தேய்த்துக் கழுவுங்கள். எரியும், பரவாயில்லை. கடைசி ஏற்பூசி (ரெட்டனஸ் தடுப்பூசி) போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கூடுதல் கவலை சீனி வருத்தக்காரர்களைப் பற்றி. கால் விறைத்தவருக்குக் கீறியதே தெரியாது. ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் கடல் கிருமி பொல்லாதது. சிவப்பு பரவினால், கொப்புளம் வந்தால், காய்ச்சல் அடித்தால் கொழும்புக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். திருகோணமலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடல் முள்ளெலி குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி குறையும். சூட்டை முதலில் கை விட்டுப் பாருங்கள். சீனி வருத்தக்காரர் என்றால் வேறொருவர் பார்க்கட்டும்.

ஒக்டோபருக்குப் பிறகு கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது விடுமுறை கிடைத்தால் டொல்பின் பார்க்க மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குப் போகலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே பருவம். படகை விட்டு இறங்கும் வேலையில்லை. வாந்திக் குளிசையை மட்டும் படகேற அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள், குமட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிதாகப் பலனில்லை.