பைக்கால் ஏரியில் பாக்கி நின்ற தண்டவாளம்

“இரண்டு பக்கமும் படித்தவர்கள்தானே நாடாள்கிறார்கள், போரிடாமல் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெறி, ஆணவம், ஆயுத வியாபாரம் என்று பதில் சொல்லிவிடலாம், அவையும் உண்மைதான். ஆனால் இருதரப்பும் நிதானமாகக் கணக்குப் போட்டாலும் போர் மூளலாம். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஃபியரன் 1995-இல் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார்.

தகராறில் இருக்கும் நிலத்தின் மதிப்பு 100 என்று வையுங்கள். இருவரும் சம பலம். போரிட்டால் ஆளுக்கு 10 செலவு. அப்படியானால் போரில் ஒருவர் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது, 100-இல் பாதியான 50-இல் செலவு போக, 40. ஆகவே 40-க்கும் 60-க்கும் இடையில் எப்படிப் பிரித்தாலும் இருவருக்கும் லாபமே. பிறகு ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? எதிரியின் உண்மையான பலம் தெரியாதது ஒரு காரணம். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மற்றொன்று: நாளை பலம் கூடப்போகிறவனின் இன்றைய வாக்கை எப்படி நம்புவது?

1903-இல் ரஷ்யாவும் ஜப்பானும் இந்த இடத்தில்தான் சிக்கின. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் உன் செல்வாக்கை நான் ஏற்கிறேன், கொரியாவை எனக்கு விடு என்றது ஜப்பான். கொரியாவில் 39-ஆவது அட்சரேகைக்கு வடக்கே நடுநிலைப் பகுதி வேண்டும் என்றது ரஷ்யா. இடைவெளி பெரிதல்ல. ஆனால் ரஷ்யப் படைகள் கிழக்கே வர ஒரே வழி, 8,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒற்றை ரயில் பாதை. அதுவும் சைபீரியாவின் பைக்கால் ஏரியில் அறுந்து நின்றது. கோடையில் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கடத்தினார்கள். 1904 தொடக்கத்தில் உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டு, கனமான எஞ்சினை நம்பாமல், பெட்டிகளைக் குதிரை பூட்டி இழுத்தார்கள். ஏரியின் தென்கரையில் மலையைக் குடைந்து போட்டுக்கொண்டிருந்த பாதை முடிந்துவிட்டால் ரஷ்யாவின் கை ஓங்கிவிடும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். பாதை முடிந்தபின் ரஷ்யா வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 80 என்று கொள்வோம். செலவு போக, போரிட்டே ரஷ்யா 70 எடுத்துவிடும். ஜப்பானுக்கு 30-க்கு மேல் அது தர வேண்டிய அவசியமே இல்லை. இன்றே போரிட்டால் ஜப்பானுக்கு 40! ரஷ்யா இன்று மனமாரவே 50 தருவதாகச் சொன்னாலும் பயனில்லை. நாளை அதைத் திரும்பப் பிடுங்காது என்பதற்கு யார் ஜாமீன்? பாகப்பிரிவினையில் அண்ணன் ஏமாற்றினால் தம்பி கோர்ட்டுக்குப் போவான். நாடுகளுக்கு அப்படியொரு படி இல்லை. போதாததற்கு, மஞ்சூரியாவிலிருந்து படைகளை மூன்று கட்டமாக விலக்குவதாக 1902 ஏப்ரலில் சீனாவுக்கு எழுதிக் கொடுத்த ரஷ்யா, அடுத்த ஏப்ரலில் இரண்டாம் கட்டத்தை நிறைவேற்றாமல் நின்றுவிட்டது. 1904 பிப்ரவரி 8 இரவு, போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்கள்மீது ஜப்பானிய டார்பிடோக்கள் பாய்ந்தன.

எங்கே போர் மூண்டாலும் நம் தொலைக்காட்சிகளில் செவ்வாயையும் சனியையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பார்க்க வேண்டியது எவன் பலம் எந்த வேகத்தில் மாறுகிறது என்பதையும், வாக்கைச் சரிபார்க்க வழி உண்டா என்பதையும்தான். சர்வதேச அணுசக்தி முகமை அணு நிலையங்களில் கேமராவும் முத்திரையும் வைப்பது இதற்காகத்தான். இத்தகைய கண்காணிப்புக் கருவிகளுக்கும் ஆய்வுக்கும் நம் அரசு தாராளமாகச் செலவிட வேண்டும் என்பேன். எந்தப் போரையும்விட அது மலிவு.

1905 செப்டம்பரில், அந்தப் போரை முடித்த போர்ட்ஸ்மத் உடன்படிக்கை கையெழுத்தானபோது ரஷ்யாவும் ஜப்பானும் இதைப் புரிந்துகொண்டிருந்தன. கொரியா ஜப்பானின் பிடிக்குப் போனது. போர்ட் ஆர்தர் இருக்கும் லியாவோதுங் தீபகற்பம் தவிர, மஞ்சூரியாவின் ரயில் பாதைகளை வணிகத்துக்கும் தொழிலுக்கும் மட்டுமே பயன்படுத்துவது என்று முடிவானது. படைகளை ஒரே காலத்தில், 18 மாதங்களுக்குள் விலக்க வேண்டும். பாதையைக் காக்கக் காவலர் வைத்துக்கொள்ளலாம்; கிலோமீட்டருக்கு 15 பேருக்கு மேல் கூடாது.