பெர்மாஃப்ராஸ்ட்: நிரந்தரம் அல்ல, பல்லாண்டு

‘நிரந்தர உறைபனி உருகுகிறது’ என்று தமிழில் அடிக்கடி எழுதுகிறோம். நிரந்தரமானது எப்படி உருகும்? ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலத்தைக் குறிக்கும் பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த குழப்பம் இது.

இந்தச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. ரஷ்யாவில் பிறந்த அமெரிக்க நிலவியலாளர் சைமன் முல்லர், ராணுவத்துக்காக ரஷ்ய ஆய்வுகளைத் தொகுத்தபோது, ‘நிரந்தரமாக உறைந்த நிலம்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 1943இல் உருவாக்கியது. ரஷ்ய மொழியிலும் ‘வேச்னயா மெர்ஸ்லத்தா’, அதாவது ‘என்றைக்குமான உறைவு’ என்றே வழங்கியது. பின்னர் அங்குள்ள அறிவியலாளர்கள் ‘என்றைக்குமான’ என்பதை விட்டுவிட்டு, ‘பல்லாண்டு’ என்று பொருள்படும் ‘ம்னகலேத்னயா’ என்ற சொல்லுக்கு மாறினார்கள். நாமும் மாற வேண்டும்.

மண்ணோ பாறையோ, குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட். அதில் பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. ஆகவே ‘உறைபனி’யும் பொருந்தாது. ஊட்டியில் மார்கழி விடியலில் புல்மேல் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் மறைகிறதே, அதுதான் உறைபனி. பெர்மாஃப்ராஸ்ட் நிலத்தின் நிலை. சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர் 1828இல் தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டி 116 மீட்டர் ஆழம் போயும் உறைந்த நிலம் முடியவில்லை.

அதன்மேல் வாழ்ந்தவர்களுக்கு அதுவே களஞ்சியம். அலாஸ்காவின் வடமுனையில், உட்கியாக்விக் ஊரின் இன்யூப்பியாட் மக்கள் தரையைக் குடைந்து ‘சிக்லுவாக்’ என்ற நிலவறை அமைக்கிறார்கள். மரமூடியைத் திறந்து ஏணியில் இறங்கினால் சுவரெல்லாம் பனிப்பூ. அடியில் திமிங்கல இறைச்சி. வேட்டைப் பருவத்துக்கு முன் அறையைத் துப்புரவாக்கிப் புதுப்பனி பரப்புவார்கள். சுத்தமான அறை வைத்திருப்பவரிடமே திமிங்கலம் தன்னை ஒப்படைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இப்போது சில அறைகளில் தண்ணீர் கசிந்து நிற்கிறது, இறைச்சி கெடுகிறது. இழப்பு உணவோடு நிற்பதில்லை என்பது அந்த நம்பிக்கையை அறிந்தவர்களுக்குப் புரியும்.

நிலம் உருகுவது புதிதும் அல்ல. சைபீரியாவின் சாகா மக்கள் மாடும் குதிரையும் வளர்த்து வைக்கோல் அறுக்கும் ‘அலாஸ்’ என்ற புல்வெளிகள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடிப் பனிக்கட்டி உருகித் தரை தாழ்ந்ததால் உண்டானவை. பழைய உருகல் மேய்ச்சல் தந்தது. இன்றைய உருகல் வயலையும் வீட்டு முற்றத்தையும் மேடுபள்ளமாக்கி, வீட்டையே சாய்க்கிறது. ஒரு தலைமுறைக்குள் நடப்பதால் அதற்கேற்ப வாழ்வை மாற்றிக்கொள்ள நேரமில்லை.

என் பரிந்துரை ‘பல்லாண்டு உறைநிலம்’, சுருக்கமாக ‘உறைநிலம்’. குளிர்காலத்தில் மட்டும் உறைவதைப் ‘பருவ உறைநிலம்’ எனலாம். கோடையில் இளகி மீண்டும் உறையும் மேற்பகுதிக்கு ‘இளகடுக்கு’ போதும். தமிழில் ‘உறை’ என்பதற்கு இறுகுதல், குடியிருத்தல் என்ற இரு பொருளும் உண்டு என்பதால் எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

மொழிபெயர்க்க முடியாமல் நான் தடுமாறுவது அலாஸ்காவின் யூப்பிக் சொல்லான ‘உஸ்தெக்’. உறைநிலம் இளகி, வெள்ளமும் அரிப்பும் சேர்ந்து, தரை திடீரென இற்று விழுவதை அது குறிக்கும். ஆற்றங்கரையிலுள்ள நியூடோக் ஊரின் தரை இப்படித்தான் போனது. மக்கள் 2019 முதல் மெர்தார்விக் என்ற புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ‘மண்சரிவு’ என்று எழுதினால் மலைச்சரிவு நினைவுக்கு வரும். நியூடோக்கில் மலை இல்லை. ‘நிலம் இற்றுவிழுதல்’ என்பது ஓரளவு நெருங்கி வருகிறது. அதைவிட நல்ல சொல் கிடைக்கும்வரை ‘உஸ்தெக்’ என்றே எழுதுகிறேன்.