ஆற்றுக்கு முன் புல்தரை: நாயுடன் முதல் கனூ பயணம்

விக்டோரியா தின விடுமுறை நெருங்கினால் ஒன்ராறியோவில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வருகிறவர்களின் கேள்விகளும் மாறிவிடும். "கனூ வாடகைக்கு எடுக்கப் போறோம் டாக்டர், இவனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?" கனூ என்பது ஒடுக்கமான துடுப்புப் படகு, நாயோடு தாராளமாகப் போகலாம். புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவர்கள் பலர் போவது இங்குள்ள கிராண்ட் ஆற்றில் கிளென் மோரிஸ் என்ற ஊரிலிருந்து பாரிஸ் என்ற ஊர் வரையான பகுதிக்கு. கோடையில் அங்கே பல இடங்களில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது, ஓட்டமும் சாந்தமாக இருக்கும். என் கவலை ஆற்றைப் பற்றியது அல்ல. "நல்லா நீந்துவான், ஆறும் அமைதியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கனூவை ஒருநாளும் பார்த்திராத நாயை நேரே அதில் ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் கவலை.

காலடியில் தரை ஆடுவது நாய்க்குப் புதிது. பயந்த நாய் எழுந்து நிற்கும், தப்பிக்க வழி தேடி விளிம்புக்குப் போகும். 30 கிலோ லாப்ரடார் ஒன்று முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றினால் போதும், கனூ கவிழ்ந்துவிடும். அதனால் முதல் பாடம் தரையில் நடக்க வேண்டும். கனூ சொந்தமாக இருந்தால் சில நாள்கள் புல்தரையில் போட்டு வையுங்கள். நாய் தானாக மோந்து பார்க்கட்டும், ஏறட்டும், உள்ளேயே தீனி கொடுங்கள். வாடகைக் கனூ என்றால் பழைய யோகா பாய் ஒன்று போதும். அந்தப் பாயில் படுத்தால் நல்லது கிடைக்கும் என்று வீட்டிலேயே பழக்கிவிட்டு, பயணத்தன்று அதே பாயைக் கனூவின் நடுவில் விரியுங்கள். பழகிய இடம் கூடவே வந்த மாதிரி இருக்கும், வழுக்கும் தளத்தில் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். நகத்தை முன்னாடியே வெட்டிவிடுங்கள்.

'படு', 'இரு' இரண்டும் உறுதியாக வராத நாயைத் தண்ணீருக்குக் கொண்டுபோக அவசரப்பட வேண்டாம். இதில் முக்கியமானது இறங்கும் நேரத்து 'இரு'. கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்ததும் நாய் பாயும், அது உதைத்துத் தள்ளும் வேகத்தில் கனூ மறுபக்கம் சாயும். என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் கவிழ்ந்த கதைகளில் பெரும்பாலானவை கரைக்குப் பக்கத்தில் நடந்தவை. புல்தரையிலேயே, நீங்கள் முதலில் இறங்கி நின்று 'வா' என்று சொன்ன பிறகுதான் நாய் இறங்க வேண்டும் என்று பழக்குங்கள். அது சரியாக வந்த பிறகு முழங்கால் ஆழத் தண்ணீரில் கனூவை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதையே திரும்பச் செய்யுங்கள்.

ஆற்றில் நாய் யாருடைய பேச்சைக் கேட்குமோ, அவர் பின்னால் உட்காரட்டும். நாய் அவருக்கு முன்னே, படகின் நடுவில் படுத்திருக்கட்டும். மே, ஜூனில் கனடா வாத்துகள் குஞ்சுகளோடு ஓரமாக நீந்தும். அவற்றைக் கண்டால் எவ்வளவு சாதுவான நாயும் எழுந்துவிடும். தூரத்தில் பார்த்ததுமே துடுப்பை நிறுத்திவிட்டு நாயைப் படுக்கச் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். கனூவில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது கனடாவில் சட்டம். குறைந்தது 15 மீட்டர் மிதக்கும் கயிறும் விசில் போன்ற ஒலி எழுப்பும் கருவியும் சட்டப்படி இருக்க வேண்டும். நாய்க்கான ஜாக்கெட்டுக்கு அரசு அங்கீகாரம் என்று ஒன்று கிடையாது, ஆகவே நீங்கள்தான் சோதிக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். மாட்டிய பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதுகில் கைப்பிடி இருக்க வேண்டும். அதைப் பிடித்து நாயை ஒரு நொடி தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் தலை வழியாக உருவிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் தலையைத் தூக்கி வைத்தபடி நீந்துவதே கடினம். நன்றாக நீந்தும் நாய்க்கும் ஜாக்கெட் வேண்டும், ஏனென்றால் களைப்பும் குளிரும் அதற்கும் உண்டு.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நாயைக் கனூவோடு கட்டாதீர்கள். குதித்துவிடுமோ என்ற பயத்தில் லீஷைக் குறுக்குக் கட்டையில் முடிந்து வைக்கிறார்கள். படகு கவிழ்ந்தால் அந்த முடிச்சு நாயைத் தண்ணீருக்கடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறியதும் லீஷைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள், கரையில் மாட்டிக்கொள்ளலாம். கவிழ்ந்தே விட்டால், கனூவுக்கு மேலோட்டப் பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக, இருங்கள். கீழோட்டப் பக்கம் நின்றால் தண்ணீர் நிறைந்த கனூ உங்களைப் பாறையோடு சேர்த்து நசுக்கிவிடும். பதறிய நாய் உங்கள் தோளில் ஏறப் பார்க்கும். முன்பக்கம் அணைக்காமல், பின்னாலிருந்து ஜாக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கரைக்கு நகருங்கள். நடு ஆற்றில் நாயைத் திரும்பக் கனூவுக்குள் தூக்க முயலவே வேண்டாம்.

மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் ஆற்று நீர் இன்னும் குளிராகவே இருக்கும். நனைந்த நாய் நடுங்கினால் கரையேறித் துவட்டுங்கள். நடுக்கம் நின்று சோர்ந்து படுத்தால் தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள், உடம்புச் சூடு இன்னும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். உலர்ந்த போர்வையில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கோடை முற்றியதும் கவலை மாறிவிடும். அப்போது பயப்பட வேண்டியது நஞ்சு உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசிக்கு. அது தேங்கிய ஏரி நீரில்தான் வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 2018 ஜூலையில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான் ஆற்றுக்குப் போய்வந்த மூன்று நாய்கள் இறந்தன, காரணம் இந்தப் பாசியின் நஞ்சு. ஆற்றின் அடியில் படிந்து, பிய்ந்து கரையொதுங்கும் பாசித் திட்டுகளை நாய்கள் ஆசையாகக் கடிக்கும், ரோமத்தில் ஒட்டியதை நக்கும். எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்பு எல்லாம் சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். முறிவு மருந்து இல்லை. அதனால் குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அடிக்கடி கொடுங்கள். தாகமில்லாத நாய் ஆற்றில் வாய் வைப்பது குறைவு. பச்சையாகப் பெயின்ட் கொட்டியது போலவோ திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள், நனைந்திருந்தால் சுத்தமான நீரில் உடனே கழுவிவிடுங்கள்.

கரையில் பந்து எறிந்து விளையாடும்போதும் கவனம் தேவை. தண்ணீரிலிருந்து திரும்பத் திரும்பக் கவ்விக்கொண்டு வரும் நாய் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் விழுங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, தள்ளாட்டம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அப்புறம் தூண்டில் முள். உதட்டில் குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். விழுங்கிவிட்டு வாயிலிருந்து நூல் தொங்கினால் அதை இழுக்கவும் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது. அந்த நூல்தான் முள் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு வழி காட்டும்.

பாரிஸில் ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்வான அணை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அது சின்னப் படி போலத்தான் தெரியும், ஆனால் அடியில் சுழலும் நீர் விழுந்தவரை வெளியே விடாது. எங்கே கரையேறுவது என்பதை வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்டு, போகும் முன்பே அந்த இடத்தை நேரில் பார்த்துவிடுங்கள். மழைக்கு மறுநாள் போவதாக இருந்தால், கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையம் தன் இணையதளத்தில் தரும் நீரோட்ட அளவையும் பாருங்கள்.

வீடு திரும்பியதும் காதுகளைத் துடைத்து, விரல் இடுக்கு, அக்குள், காது மடலில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லைம் நோய்க் கிருமி பரவ, உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்றைக்கே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். ரக்கூன், எலிகளின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்குத் தடுப்பூசி உண்டு. முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும் என்பதால் ஜூனில் ஆறு என்றால் ஏப்ரலிலேயே வாருங்கள். அந்த நோய் உடனே தெரியாது. ஆற்றுக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கழித்து நாய்க்குக் காய்ச்சலோ, வாந்தியோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதோ இருந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் கனூவில் போன தேதி. அதே கிருமி மனிதருக்கும் தொற்றும் என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நாயின் சிறுநீரைக் கையுறை போட்டே துடையுங்கள்.