பரலோக நம்பிக்கை இருந்தும் அழுகை நிற்கவில்லையா?

துக்க ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவர்கள் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அவர் கர்த்தரிடத்தில்தான் இருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் அழுகை நிற்கமாட்டேன் என்கிறது. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?"

குறையவில்லை. இப்படிக் கேட்பவர்களுக்கு யாராவது 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்காதிருங்கள் என்றுதான் பவுல் எழுதுகிறார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை. விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், வானங்கள் திறந்திருக்கக் கண்டு மரித்தவர். அவர் எங்கே போனார் என்பதில் சபைக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அப்படியிருந்தும் தேவபக்தியுள்ள மனுஷர் அவரை அடக்கம்பண்ணி, அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள். மரணத்தை வேதம் நண்பன் என்று எங்கும் அழைக்கவில்லை. 1 கொரிந்தியர் 15:26 அதைக் கடைசிச் சத்துரு என்கிறது. சத்துரு வீட்டுக்குள் புகுந்து ஒருவரைக் கொண்டுபோனபின் அழுவதில் அவிசுவாசம் எங்கே இருக்கிறது?

யோவான் 11-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். லாசரு இறந்து நாலு நாள் ஆகிவிட்டது. மார்த்தாள் வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பின்னால் வந்த அவள் சகோதரி மரியாளும் அதையேதான் சொல்கிறாள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் அதைப் பேசவில்லை, அவளும் கூட வந்தவர்களும் அழுகிறதைக் கண்டு கலங்கி, தாமும் கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். ஒருவருக்கு விளக்கம் தேவைப்படுகிறது, இன்னொருவருக்குக் கூட அழ ஆள் தேவைப்படுகிறது. ஒரே வீட்டில் இருவர் இருவிதமாகத் துக்கிப்பதால் வரும் சண்டைகள் பல, இதைப் புரிந்துகொண்டால் தணியும். கணவர் வேலையில் மூழ்குவார், மனைவி பழைய புகைப்படங்களோடு உட்கார்ந்திருப்பார். "உனக்குப் பாசமே இல்லை" என்று ஒருவரையொருவர் குற்றம்சாட்டத் தேவையில்லை.

ஜெபிக்க முடியவில்லை என்பது அடுத்த கவலை. துக்கத்தில் கவனம் சிதறும்; ஒரு அதிகாரத்தை வாசித்து முடிப்பதற்குள் முதல் வசனம் மறந்துவிடும். இது மூளையின் களைப்பு, ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பழைய வாசிப்புத் திட்டத்தைக் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கிவைத்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சங்கீதம், அதுவும் சின்னதாக, வாய்விட்டு வாசித்தால் போதும்.

13-ஆம் சங்கீதத்தில் ஆரம்பிக்கலாம். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு நான்கு தடவை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. இதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: எனக்கு வலிப்பது இது, நான் கேட்பது இது, இன்னும் நான் பிடித்திருப்பது இது. முதல் வாக்கியத்தில் நாகரிகம் பார்க்காதீர்கள். "ஏன் இப்படிச் செய்தீர்" என்று எழுத வந்தால் அப்படியே எழுதுங்கள். மூன்றாவது வாக்கியம் வராத நாள்களும் இருக்கும். அந்த நாள்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கினாலும், ஆறுதல் எதுவும் வராமலே முடிந்துவிடுகிறது. அப்படியொரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். வாயே திறக்கவில்லை என்றால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல்செய்கிறார் என்ற ரோமர் 8:26-ஐப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள்.

ஆலயத்தில் பாட்டு ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்பவர்கள் பின்வரிசையில் வாசல் பக்கம் உட்காரலாம், தேவைப்பட்டால் எழுந்து வெளியே போய்வரலாம். மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். சபை என்பது அதற்கும்தான்.

நோயில் இறந்தவருக்காக உபவாசமிருந்து ஜெபித்த குடும்பங்களில் இன்னொரு காயம் இருக்கும்: "நம் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் போய்விட்டார்." இதை யாராவது வாய்விட்டுச் சொல்லியும் இருப்பார்கள். இதை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். பவுல் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். கெத்செமனேயில் இயேசுவே கேட்டும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. சுகம் கிடைக்காததை ஜெபித்தவர்களின் கணக்கில் எழுதுவது கொடுமை.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது பிள்ளைகளை இழந்த யோபு தன் வாயால் சொன்னது. பார்க்க வந்தவர்கள் அவனுக்குச் சொன்னது அல்ல. துக்கத்தில் இருப்பவர் அதைச் சொன்னால் ஆமென் சொல்லுங்கள், நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ம் அப்படித்தான். உண்மையான வசனம், ஆனால் அடக்கம் முடிந்த சாயங்காலத்தில் கேட்பவர் காதில் "இது நல்லதற்குத்தான்" என்று விழும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை எந்தத் தவறும் செய்யவில்லை. "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்பதும் பயன்படாது. என்ன வேண்டும் என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பு இருக்காது. "புதன்கிழமை சாயங்காலம் சாப்பாடு கொண்டுவருகிறேன்", "வங்கிக்கு நானும் கூட வருகிறேன்" என்று நாளும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவருடைய பிறந்தநாள், திருமண நாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றை உங்கள் காலண்டரில் குறித்துவையுங்கள். உயிர்த்தெழுதல் ஞாயிறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் "அல்லேலூயா" பாடும் அந்தக் காலை சிலருக்கு மிகக் கனமானது.

சின்னப் பிள்ளைகளிடம் "தாத்தா தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மரணம் திரும்ப முடியாதது என்று புரிவதில்லை. எழுந்துவருவார் என்று காத்திருக்கும், அல்லது தானே தூங்கப் பயப்படும். "இயேசப்பா எடுத்துக்கொண்டார்" என்றால் அடுத்து அம்மாவை எடுப்பாரோ என்று பயம் வரும். "தாத்தாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவர் திரும்பி வரமாட்டார். அதனால் நமக்கு அழுகை வருகிறது. இயேசு அவரைப் பத்திரமாக வைத்திருக்கிறார், ஒருநாள் மறுபடி எழுப்புவார்" என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். அதே கேள்வி பலமுறை வரும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

இறந்தவர் விசுவாசியா என்று தெரியாத குடும்பங்கள் வெளியே சொல்லாமல் துடிக்கின்றன. அவர்களிடம் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, பொய் உறுதி கொடுக்கவும் கூடாது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதை அவர்களோடு சேர்ந்து கேட்கலாம்.

ஜெபத்தோடு மருத்துவரும் தேவைப்படும் நிலைகள் உண்டு. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் துக்கத்தால்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடும் துக்கம் இதயத்தை உண்மையிலேயே பாதிக்கும். ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிக்கொண்டே இருந்தால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதற்குக் குறைந்தது 6 மாதம் என்கிறது; அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறது. இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. அவ்வளவு காலம் காத்திருந்துதான் உதவி கேட்க வேண்டும் என்றும் இல்லை.

"அவரோடு போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்" என்று ஒருவர் சொன்னால் அதைப் பரலோக வாஞ்சை என்று கடந்துபோகாதீர்கள். "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எலியா "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் பிரசங்கம் செய்யவேண்டாம். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் மற்ற ஆபத்தான பொருள்களையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள்.