உச்சி வெயில்ல பறவையெல்லாம் எங்க போகுது?

பறவை கணக்கெடுக்க காட்டுக்கு வாலண்டியரா போறவங்க முதல் நாள் கேக்கற கேள்வி ஒண்ணுதான், எதுக்கு இந்த இருட்டுலயே எழுப்பி விடறாங்க, ஒம்பது மணிக்கு நல்லா வெளிச்சம் வந்தப்புறம் போனா இன்னும் தெளிவா தெரியுமேன்னு. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் காட்டுக்குள்ள இருந்துட்டா பதில் தானா கிடைச்சிடும். காலைல ஆறு மணிக்கு எதை முதல்ல எழுதறதுன்னே தெரியாத அளவுக்கு சத்தம், பத்தரைக்கு மேல நோட்டுல ஒரு வரி விழறதே கஷ்டம். அதே மரம், அதே புதர், அதே பறவைங்கதான் அங்கேயே இருக்கு, ஒண்ணும் இடம் மாறி போயிடல. உடம்பை சூடு ஏறாம பாத்துக்கற வேலைல இருக்கு, அவ்வளவுதான்.

பறவையோட உடம்பு சூடு சாதாரணமாவே 40லேர்ந்து 42 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும். நமக்கு 37. நாம ஆஸ்பத்திரிக்கு ஓடற சூட்டுல அதுங்க ஜம்முனு பாடிக்கிட்டு இருக்கும், ஆனா அதுக்கு மேல ஏற இடம் ரொம்ப கம்மி, 46 டிகிரி பக்கம் போயிட்டா பெரும்பாலான பறவைக்கு உயிருக்கே ஆபத்து. இதுல இன்னொரு சிக்கல், பறவைக்கு வேர்வை சுரப்பியே கிடையாது. அதனால வாயைத் திறந்து இரைச்சு இரைச்சு மூச்சு விட்டுத்தான் உள்ள இருக்கற ஈரத்தை ஆவியாக்கணும். ஒரு கிராம் தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 2,400 ஜூல் சூட்டை எடுத்துட்டு போயிடும், சின்ன உடம்புக்கு அது பெரிய விஷயம். புறா வகைங்க மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, தோல் வழியாவே நிறைய ஈரத்தை வெளிய விட்டுக்கும்.

காட்டுல மாட்டிக்கறது இந்த இடத்துலதான். பாலைவனத்துல காத்து காய்ஞ்சு கிடக்கறதால ஈரம் சட்டுனு ஆவியாகும், ஆனா குடிக்க தண்ணி கிடைக்காது. மழைக்காட்டுல தலைகீழ், தண்ணிக்கு பஞ்சமே இல்ல, ஆனா காத்துல ஏற்கனவே ஈரம் ததும்பிக்கிட்டு இருக்கு, எவ்வளவு இரைச்சாலும் ஆவியாகறது மெதுவாத்தான் நடக்கும். வெறும் 33 டிகிரிதானேன்னு தெர்மாமீட்டரை பாத்து சொல்லிடலாம், உள்ள நிக்கறவங்களுக்குத்தான் தெரியும் அந்தப் புழுக்கம். சூட்டை வெளிய தள்றது கஷ்டம்னா, சூட்டை உண்டாக்காம இருக்கறதுதான் மிச்சம் இருக்கற வழி. பறக்கும்போது தசை செலவு பண்ற சக்தியில முக்கால்வாசி சூடாத்தான் மாறுது, அதனால மதியம் பறக்காது, பாடாது, நிழல்ல ஒரு கிளையைப் பிடிச்சு உக்காந்துடும்.

அப்படி உக்காந்திருக்கற ஒண்ணை பைனாகுலர்ல நிதானமா பாருங்க, அதுக்கு மேல பாடமே வேணாம். அலகு பாதி திறந்திருக்கும். ரெக்கையை உடம்போட ஒட்டாம லேசா தூக்கி வெச்சிருக்கும், ஏன்னா ரெக்கைக்கு அடியில இறகு கம்மி, அந்த வழியா சூடு வெளிய போகும். காலைல குளிர்ல பந்து மாதிரி உப்பியிருந்த இறகு இப்ப உடம்போட படிஞ்சு கிடக்கும், இறகுக்கு நடுவுல காத்து நிக்கலன்னா சூடு தங்காது. தரையில சருகோட சருகா கிடக்கற பக்கிங்கற ராத்திரிப் பறவையைப் பாத்தா இன்னும் ஆச்சரியம், உடம்பு துளி அசையாது, தொண்டைத் தோல் மட்டும் படபடன்னு துடிச்சிக்கிட்டே இருக்கும். நெஞ்சு முழுக்க விரிச்சு சுருக்கி இரைச்சா அந்த வேலையே சூட்டை உண்டாக்கும், தொண்டையை மட்டும் ஆட்டினா செலவு கம்மி. நாரை, ஆந்தை, நீர்க்காகம் கூட இதைத்தான் பண்ணுது.

தென் அமெரிக்காவுல இருக்கற டோக்கோ டூக்கன்ங்கற பறவைக்கு இன்னொரு வசதி, உடம்பு நீளத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அலகுதான். 2009ல தெர்மல் கேமரா வெச்சு பாத்தப்போ, சூடு ஏறினா அலகுக்குப் போற ரத்தத்தைக் கூட்டியும் குளிர்ந்தா குறைச்சும் அது உடம்பு சூட்டை சரி பண்ணிக்குதுன்னு தெரிய வந்துச்சு.

காலைல அவ்வளவு சத்தம் கேக்கறதுக்கு குளிர்ச்சி மட்டும் காரணம் இல்ல, அப்ப காத்து அசையாம இருக்கும், சத்தம் சிதறாம ரொம்ப தூரம் போகும். வெயில் ஏறினா காத்து கொந்தளிக்கும், சிள்வண்டுங்களும் ஆரம்பிச்சிடும், அந்த இரைச்சலுக்குள்ள பாடறது வீண் வேலை. அடர்ந்த காட்டுல நாம பறவையை கண்ணால கண்டுபிடிக்கறதை விட காதாலதான் அதிகமா கண்டுபிடிக்கறோம், அது வாயை மூடிட்டா நமக்கு அது இல்லாத மாதிரிதான். மதியத்துக்குன்னு வர்றவங்களும் இருக்காங்க, தரை சூடாகி வெதுவெதுப்பான காத்து மேல கிளம்பும்போது கழுகும் பருந்தும் அதுல ஏறி ரெக்கை அடிக்காமயே வட்டம் போடும், அதுங்களை எண்ணணும்னா இந்த நேரம்தான் சரி, மரம் இல்லாத ஒரு வெட்டவெளி வேணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரே இடத்துல அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ நின்னு, கேட்டது பாத்தது எல்லாத்தையும் நேரத்தோட, தோராயமான தூரத்தோட எழுதறதுதான் வழக்கமான முறை. உதாரணத்துக்கு ஒரு பறவை அந்த இடத்துல நிஜமாவே இருக்குன்னு வெச்சுக்குவோம், காலைல ஒரு தடவை போனா அது நம்ம காதுல விழ 50% வாய்ப்பு. நாலு காலை போயும் கேக்காம போறதுக்கு 6% தான் வாய்ப்பு. அதே பறவை மதியத்துல 10% தான்னா, நாலு மதியம் போனாலும் 66% வாய்ப்பு நாம அதைத் தவற விட. பறவை ஒண்ணுதான், நோட்டு ரெண்டு கதை சொல்லும். அதனாலதான் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட வெயில்னு எழுதாத லிஸ்டை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, எவ்வளவு அபூர்வமான பறவை அதுல இருந்தாலும் சரி. ஒண்ணுமே கேக்கலன்னா அதையும் எழுதணும், இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்லுவேன்.

மெல்லிசு நூல் வலை கட்டி பறவையைப் பிடிச்சு கால்ல அடையாள வளையம் போடற இடத்துல சூடு இன்னும் கண்டிப்பான விஷயம். வலையை அரை மணிக்குள்ள ஒரு தடவை சுத்தி பாத்தே ஆகணும், வலை மேல வெயில் விழ ஆரம்பிச்சா அதை மூடிடணும், சிக்கின பறவையால நிழலுக்கு நகர முடியாது. பயிற்சி எடுத்தவங்கதான் கையில பிடிப்பாங்க, வாலண்டியர் பக்கத்துல உக்காந்து அளவை எழுதுவாங்க. வயித்து இறகை லேசா ஊதினா சிலதுக்கு இறகே இல்லாம சிவந்து புடைச்ச தோல் தெரியும், முட்டைக்கு சூடு கொடுக்கறதுக்காகவே அங்க ரத்தக்குழாய் பெருகியிருக்கும். சூட்டை வெளிய தள்ள தவிக்கற அதே உடம்பு, கூட்டுல உக்காந்து சூட்டை பாத்து பாத்து கொடுக்குது. அப்புறம் ரெக்கை நீளம், எடை, ரெண்டையும் எழுதிட்டு சில நிமிஷத்துல விட்டுடுவாங்க.

இந்த ரெண்டு அளவையும் எழுதறது அலுப்பு தட்டற வேலைன்னு தோணலாம். அமேசான்ல மனாஸ் நகரத்துக்குப் பக்கத்துல, மனுஷன் கை படாத காட்டுல 40 வருஷமா இப்படி எழுதி வெச்ச, 15,000க்கும் மேற்பட்ட பறவைங்களோட அளவை 2021ல சேர்த்து பாத்தாங்க, மொத்தம் 77 வகை. 1980கள்ல இருந்ததை விட கிட்டத்தட்ட எல்லா வகையும் எடை குறைஞ்சிருக்கு, நிறைய வகைங்களுக்கு ரெக்கை நீண்டும் இருக்கு. இத்தனைக்கும் இதுங்க காட்டோட அடித்தட்டுல, நிழலும் குளிர்ச்சியும் அதிகமா இருக்கற இடத்துல வாழறதுங்க. அந்தக் காலத்துல அங்க சூடும் கூடியிருக்கு, வெயில் காலமும் முன்ன விட வறண்டிருக்கு. எடை கம்மியா ரெக்கை நீளமா இருந்தா பறக்க சக்தி கம்மியா போதும், சக்தி கம்மியா செலவானா உடம்புல சூடும் கம்மியாத்தான் உண்டாகும்னு அந்த ஆய்வு பண்ணவங்க விளக்கம் சொல்றாங்க.